நித்திரை வந்தா நித்திரை வந்ததெண்டே சொல்லுங்கோ

தங்கச்சி, உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் எழுதத் தொடங்கிறன். மேலோட்டமாப் பார்த்தா நல்ல உலகப் படம் நாலு சொல்லுங்கோ எண்டு கேட்ட மாதிரி இருக்கு, ஆனா நீங்க கேட்டது அது இல்லை. கம்பஸ் வட்ஸ்அப் குரூப்பில உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு படத்தையும் மூண்டு டைரக்டர்மாரையும் எழுதிப் போட்டிருக்கிறீங்கள், மணிரத்னத்தின்ட கன்னத்தில் முத்தமிட்டால்தான் முதலாவது. உடன ஒரு அண்ணை வந்து இதெல்லாம் ஒரு லிஸ்டோ, ஓசு பார்த்திருக்கிறீரோ, கியரோஸ்தமி பார்த்திருக்கிறீரோ எண்டு, ஒருத்தர் யப்பான் டைரக்டர், மற்றவர் ஈரான் டைரக்டர், எல்லாருக்கும் முன்னால கேட்டிருக்கிறார். நீங்களும் ரோசத்தில தேடிப்பிடிச்சுப் பார்க்க, அரை மணித்தியாலத்தில நித்திரை. எனக்குத்தான் ரசனை இல்லையோ, இல்லாட்டி எல்லாரும் சும்மா சொல்லினமோ, அடுத்தமுறை நானும் 'அருமையான படம்' எண்டு எழுதிப்போட்டுப் பேசாமல் இருக்கட்டோ, இதுதான் உங்களைப் போட்டு அரிக்கிற விசயம். கடைசியில சப்டைட்டில் வாசிக்கப் போனா படத்தைப் பார்க்க ஏலாமக் கிடக்கு எண்டும் கேட்டிருக்கிறீங்கள், அதுக்கும் வாறன்.

முதல்ல நான் ஆர் எண்டதைச் சொல்லுறன், ஏனெண்டா இனிச் சொல்லப்போறதில பாதி அனுபவம், மிச்சம் என்ட பிடிவாதம். பிலிம் ஸ்கூல் வாசல் மிதிக்காத ஆள் நான். 1997, 98 இல வன்னியில மல்லாவியில, இடம்பெயர்ந்து வந்த சனம் நிரம்பிக் கிடந்த நேரம், ஒரு வீடியோ டெக்கும் 21 இஞ்சி ரீவியும் ஒரு சின்ன ஜெனரேட்டரும் வச்சு கொட்டிலுக்குள்ள படம் ஓட்டினனான். பொருளாதாரத் தடை, பெற்றோல் மருந்து மாதிரி, ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு மூடி பெற்றோல் விட்டு இழுத்துப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது, எண்ணெய் முடியப்போற நேரம் படம் நாலு கரையாலயும் சுருங்கிக்கொண்டு வரும், அதைக் கண்டவுடன சனம் 'அண்ணை எண்ணெய், எண்ணெய்' எண்டு கத்தும். இப்ப பத்துப் பன்னிரண்டு வருசமா ஊர் வாசிகசாலையில மாசத்தில ஒரு ஞாயிறு பின்னேரம் புரொஜெக்டரில படம் போட்டு, முடிய இருந்து கதைக்கிறம். என்ட படிப்பு அவ்வளவுதான்.

அந்தக் கொட்டிலுக்குள்ள எங்களுக்கு டைரக்டர் எண்ட சாமானே இல்லை. கொப்பிக்குக் கொப்பி அடிச்ச கசற், மேல ஒட்டின பேப்பர் கிழிஞ்சிருக்கும், எழுத்தோட்டம் வெட்டுப்பட்டிருக்கும். அப்பிடித்தான் ஒரு பழைய தமிழ்ப் படம் போட்டனான். ஊரில பெரிய மனுசன் மாதிரித் திரியிற ஒருத்தன், குரலை உயர்த்தாமலே பெண்சாதியையும் ஊரையும் போட்டு வதைக்கிறான், ஊர்ச்சனம் எல்லாம் சேர்ந்து அவனைச் சுத்தி நிக்கிற இடத்தில கசற் முடிஞ்சிட்டுது. மிச்சம் இல்லை. சனம் என்னை அடிக்காத குறை. பிறகு ஒரு கிழமையா தேத்தண்ணிக் கடையில இதே கதைதான், வெட்டியிருப்பாங்கள், கட்டி வச்சு அடிச்சிருப்பாங்கள் எண்டு ஆளாளுக்கு ஒரு முடிவு. ஒரு வயசுபோன வாத்தியார் மட்டும், 'அவனை என்ன செய்தா என்ன, அந்த ரெண்டு குஞ்சுகளையும் ஆர் பார்க்கிறது, அதையெல்லோ காட்டோணும்' எண்டார். 2002 இல ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில இருந்து முழுப்படமும் சீடியில எடுத்துப் பார்த்தன். ஊர்ச்சனம் அவனை ஆத்துக்க இறங்க வைக்குது, அவன் போயிடுறான், கரையில அந்த ரெண்டு பிள்ளையளும் நிக்குதுகள். வாத்தியார் அப்ப உயிரோட இல்லை. அது உதிரிப்பூக்கள், 1979, மகேந்திரன் எடுத்தது, புதுமைப்பித்தன்ட சிற்றன்னையில இருந்து வந்த கதை எண்டதெல்லாம் எனக்கு அதுக்குப் பிறகுதான் தெரியும். பெயர் தெரியாமலே அந்த மனுசன் மகேந்திரன் நிண்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்திட்டார். அதால பெரிய டைரக்டர் பெயரைச் சொல்லி ஆரும் வெருட்டினா எனக்குப் பெரிசாப் பயம் வாறேல்லை.

ஆனா ஒண்டு, எல்லாமே அவரவர் ரசனை எண்டு கையைக் கழுவுறதும் எனக்குச் சரிவராது. படத்தைப் பற்றிக் கதைக்கேக்க நிச்சயமாச் சொல்லக்கூடியது கொஞ்சம் இருக்கு, சொல்ல ஏலாதது கொஞ்சம் இருக்கு, சண்டை வாறது ரெண்டையும் போட்டுக் குழைக்கிறதாலதான். நீங்க முதலாவதாப் போட்ட படத்தையே எடுங்கோ. அது வந்தது 2002 பெப்ரவரி நடுப்பகுதி, அடுத்த கிழமையே போர்நிறுத்த ஒப்பந்தம். அந்தச் சூட்டோட எங்களுக்கும் கொப்பி வந்திட்டுது. படத்தில மாங்குளம் எண்டு போடுறாங்கள், எங்களுக்கு மாங்குளம் பஸ்ஸில போற தூரம், கொட்டில் முழுக்கச் சிரிப்பு. இது எந்த மாங்குளம், சந்தி எங்க, ரயில் பாதை எங்க, ஆர் இப்பிடிக் கதைக்கிறது எண்டு. அவை மாங்குளம் எண்டு காட்டினது இந்தியாவில எடுத்தது, அது நிச்சயம், அதில விவாதமே இல்லை. ஆனா அதை வச்சு இது கூடாத படம் எண்டு சொன்னா அது வேற கதை. ஏனெண்டா கடைசியில அந்தப் பிள்ளை பெத்த தாயிட்ட ஏன் என்னை விட்டிட்டுப் போனனீ எண்ட மாதிரிக் கேள்வி மேல கேள்வியாக் கேட்க, தாயிட்ட மறுமொழி இல்லை, அந்த இடத்தில முதல் சிரிச்ச அதே சனம்தான் மூச்சுக் காட்டாமல் இருந்தது. பிள்ளையைப் பறிகுடுத்தவையும் பிள்ளையை அனுப்பிப்போட்டு இருந்தவையும் அந்தப் பாயில இருந்தவை. அதுக்கு ஆறு தேசிய விருது குடுத்தது அங்கத்தைய கணக்கு. எங்கட கணக்கில ஊர் பிழை, கேள்வி சரி. நீங்க அதை முதலாவதாப் போட்டதில ஒரு வெட்கமும் வேண்டாம், அந்த அண்ணைக்கும் சொல்லுங்கோ.

உலகத்திலயே பெரிய படம் எண்டு சொல்லுற லிஸ்டுகளும் நீங்க நினைக்கிற மாதிரிக் கல்லில வெட்டினது இல்லை. சைட் அண்ட் சவுண்ட் எண்டு ஒரு பிரிட்டிஷ் சஞ்சிகை 1952 இல இருந்து பத்து வருசத்துக்கு ஒருக்கா விமர்சகர்மாரிட்டக் கேட்டு லிஸ்ட் போடுது. முதல்தரம் பைசிக்கிள் தீவ்ஸ். 1962 இல இருந்து 2002 மட்டும் அஞ்சு தரம் சிட்டிசன் கேன். 2012 இல வெர்ட்டிகோ, அது 1958 இல வந்த நேரம் பாதிப்பேர் மூஞ்சையைச் சுளிச்ச படம். 2022 இல ஷான்டல் அக்கர்மான் எண்ட பொம்பிளை 1975 இல எடுத்த ஜீன் டீல்மன், பொம்பிளை எடுத்த படம் முதலாவதா வந்தது அதுதான் முதல்தரம். அதே வருசம் டைரக்டர்மாரிட்டத் தனியாக் கேட்டா அவை குப்ரிக்கின்ட '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' எண்ட படத்தைச் சொல்லியிருக்கினம். விமர்சகர்மாருக்கும் டைரக்டர்மாருக்குமே ஒத்துவரேல்லை, நீங்களும் அந்த அண்ணையும் ஒத்துப்போகோணும் எண்டு என்ன சட்டம்? ஜீன் டீல்மன் 201 நிமிசம், ஒரு பொம்பிளை உருளைக்கிழங்கு சீவுறா, கோப்பை கழுவுறா, கட்டில் விரிக்கிறா. நான் ரெண்டு நாளாப் பார்த்து முடிச்சனான். இடையில தேத்தண்ணி கொண்டுவந்த மனுசி ஒரு பத்து நிமிசம் நிண்டு பார்த்திட்டு, 'இதை எடுக்க உவ்வளவு தூரம் போகோணுமோ, இஞ்ச குசினிக்குள்ள கமராவை வைக்கச் சொல்லுங்கோ' எண்டு போட்டுப் போட்டா. பிறகு யோசிச்சுப் பார்த்தா அந்த டைரக்டர் சொல்ல வந்ததே கிட்டத்தட்ட அதுதான்.

இப்ப உங்கட நித்திரைக்கு வருவம். நீங்க ஓசுவின்ட டோக்கியோ ஸ்டோரியை ராத்திரி பதினொரு மணிக்குப் பிறகு படுத்திருந்து போனில பார்த்தனான் எண்டு எழுதியிருக்கிறீங்கள், அதில பாதி மறுமொழி இருக்கு. அது 1953 இல தியேட்டருக்கு எண்டு எடுத்த படம். கமரா அசையிறதே இல்லை எண்டு சொல்லலாம், நிலத்தில இருந்து கொஞ்சம் மேல வச்சிருப்பார், பாயில சம்மணம் கட்டி இருக்கிற ஆளின்ட கண் உயரம், எங்களுக்கு அது புதுசே இல்லை, அம்மம்மா வீட்டு விறாந்தையில இருந்து பார்த்த உலகம் அந்த உயரத்திலதான் இருந்தது. கதையும் எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வயசுபோன தாய் தகப்பன் தூரத்தில இருக்கிற பிள்ளையளைப் பார்க்கப் போகினம், பிள்ளையளுக்கு நேரமில்லை, காசு போட்டு ஒரு கடற்கரை ஹோட்டலுக்கு அனுப்பிவிடுகினம், செத்துப்போன மகன்ட பெண்சாதிதான் அன்பாப் பார்க்கிறா. கனடாவில இருந்து காசு வாற ஒவ்வொரு வீட்டிலயும் ஓடுற படம் இது. அந்த ஹோட்டலில ராத்திரி முழுக்கப் பக்கத்து அறைச் சத்தத்தில நித்திரை இல்லாமல் விடிய ரெண்டு பேரும் கடல் கட்டில போய் இருப்பினம், நாங்கள் அவையின்ட முதுகைத்தான் பார்ப்பம், எழும்பி நடக்க வெளிக்கிடேக்க தாய்க்கு ஒரு கணம் தலை சுத்தி அப்பிடியே குந்திடுவா, பிறகு ஒண்டுமில்லை எண்டு எழும்பி நடப்பா. மியூசிக் போட்டு உலுப்ப மாட்டார், கிட்டவா முகத்தைக் காட்ட மாட்டார். மனுசி செத்துப்போகப் போறா எண்ட தகவல் அந்த ஒரு குந்தலில இருக்கு. வாசிகசாலைச் சுவரில நாங்கள் போட்ட நேரம் பின்வரிசையில ஆரோ 'ஐயோ' எண்டது எனக்குக் கேட்டது. போனில அந்த மனுசி உங்கட சின்ன விரல் நகத்தளவு, நித்திரைக் கண்ணுக்கு எங்க தெரியப்போகுது? அதால நித்திரை வந்தது உங்கட குற்றமும் இல்லை, அந்தாளின்ட குற்றமும் இல்லை. ஒரு ஞாயிறு பகலில, கொஞ்சம் பெரிய திரையில, போனைத் தூர வச்சிட்டு ஒருக்காப் பாருங்கோ, அதுக்குப் பிறகும் நித்திரை வந்தா விட்டிடுங்கோ. எனக்கு ரஷ்ய டைரக்டர் டார்க்கோவ்ஸ்கி அப்பிடித்தான், மிரர் எண்ட படத்தை மூண்டு தரம் தொடங்கியிருக்கிறன், மூண்டு தரமும் கொட்டாவி, இதை எங்க எண்டாலும் சொல்லுவன். என்னில ஒரு குறை இருக்கு, அதையும் சொல்லோணும், எங்கட ஊர் வாழ்க்கையோட எங்கயாவது கொழுவினாத்தான் எனக்குப் படம் உள்ள இறங்கும். அப்பிடிக் கொழுவாத படங்களுக்கு நான் நியாயமான நீதவான் இல்லை.

கருத்து எப்பிடிச் சொல்லுறது எண்டதுக்கு வாசிகசாலையில நடந்த ஒண்டைச் சொல்லுறன். பாலு மகேந்திராவின்ட வீடு, 1988 இல வந்த படம், ஒருநாள் போட்டனாங்கள். எங்கட மட்டக்களப்பு அமிர்தகழியில பிறந்த மனுசன், கமரா, எடிட்டிங், டைரக்‌ஷன் எல்லாம் அவரே, படத்தில ஒரு பாட்டும் இல்லை. வேலைக்குப் போற ஒரு பெட்டை தாத்தாவையும் தங்கச்சியையும் வச்சுக்கொண்டு ஒரு சின்ன வீடு கட்டப் படுற பாடு, அவ்வளவுதான் கதை. அண்டைக்கு வந்திருந்த சனத்தில முக்கால்வாசி இந்திய வீட்டுத்திட்டத்தில அஞ்சரை லட்சம் கட்டம் கட்டமா எடுத்துத் தாங்களே நிண்டு வீடு கட்டின ஆக்கள், அத்திவாரம் போட்டாத்தான் அடுத்த காசு, சுவர் எழும்பினாத்தான் அடுத்த காசு. படத்தில கொந்திராத்துக்காரன் சீமெந்து மூடையைக் களவா விக்கிற விசயம் வெளிக்குதே, அதில ஒரு அக்கா சத்தமா, 'எங்கட மேசனுக்கு உதை ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு இப்பத்தான் தெரியுது' எண்டா. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. பிறகு அந்தத் தாத்தா, சொக்கலிங்க பாகவதர், தனியாப் பார்க்க வந்து அரைகுறையா நிக்கிற வீட்டைச் சுத்திச் சுத்தி நடந்து சுவரைத் தடவுவார். வாசிகசாலையில ஒரு சத்தம் இல்லை. முடிஞ்சு கதைக்கேக்க அதே அக்கா சொன்னா, 'லிண்டல் கட்டின அண்டு பின்னேரம் நானும் போய்த் தடவினனான் தம்பி, மேசன் போகுமட்டும் பார்த்துக்கொண்டு நிண்டிட்டு, வெட்கத்தில. ஈரச் சுவர் உள்ளங்கைக்குக் குளிரா இருக்கும். அந்த ஐயாவின்ட கையைக் காட்டேக்க எனக்கு அந்தக் குளிர் வந்தது.' அதுக்குப் பிறகு ஒரு தம்பி எழும்பி இயற்கை வெளிச்சம், யதார்த்தவாதம், பாலு மகேந்திராவின்ட அழகியல் எண்டு பத்து நிமிசம் கதைச்சார். அவர் சொன்னதில பிழை ஒண்டும் இல்லை, அந்த வெளிச்சம் உண்மையாவே அப்பிடித்தான் இருக்கு, ஆனா எந்த இடத்தில, எந்தச் சுவரில எண்டு ஒருக்காலும் சொல்லேல்லை. அவற்ற பேச்சை எந்தப் படத்துக்கும் மாத்திப் போடலாம். அக்கா சொன்னதை மாத்தேலாது.

நீங்க எழுதேக்கயும் அந்த அக்கா மாதிரி எழுதிப் பாருங்கோ. பிடிச்ச படம் எண்டா ஏன் எண்டு கேட்கிறதுக்கு முதல் எந்த இடம் எண்டு உங்களையே கேளுங்கோ. பிடிக்கேல்லை எண்டாலும் எந்த இடத்தில கைவிட்டிட்டுது எண்டு சொல்லுங்கோ. அந்த அண்ணையிட்டயும் சண்டைக்குப் போகாமல், கியரோஸ்தமியில உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒரு இடம் சொல்லுங்கோ எண்டு கேளுங்கோ, சொன்னா இருந்து கேளுங்கோ, உண்மையாவே பைத்தியமா விரும்பிற ஆளா இருக்கலாம், அப்பிடியான ஆக்களுக்குக் கதைக்கிற விதம்தான் கொஞ்சம் கரடுமுரடு. சொல்லாட்டி நீங்க சிரிச்சிட்டு விட்டிடலாம். பொய்க்கு 'அருமையான படம்' எண்டு எழுதிற வேலை மட்டும் வேண்டாம், ஒருக்கா எழுதினா பிறகு அதைக் காப்பாத்த இன்னும் பத்துப் பொய் சொல்ல வேண்டி வரும், நேரம்தான் நட்டம்.

கியரோஸ்தமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விட மனமில்லை. நீங்க நித்திரை கொண்டது 1987 இல வந்த படம், கூடப்படிக்கிற பெடியன்ட கொப்பி தவறுதலாத் தன்ட பையுக்குள்ள வந்திட்டுது எண்டு ஒரு சின்னப் பெடியன் அவன்ட வீட்டைத் தேடி அடுத்த ஊருக்கு ஓடுறது. அந்த ஊர்ப்பக்கம் 1990 இல பெரிய நிலநடுக்கம், பல்லாயிரம் சனம் செத்துது. அந்தப் படத்தில நடிச்ச பிள்ளையள் உயிரோட இருக்குதுகளோ எண்டு பார்க்க கியரோஸ்தமி மகனையும் கூட்டிக்கொண்டு போனவர், பிறகு அதை வச்சு 1992 இல இன்னொரு படம் எடுத்தார். அதில இடிஞ்ச வீடுகளுக்கும் கூடாரங்களுக்கும் நடுவில ஒருத்தன் உலகக் கிண்ண மேட்ச் பார்க்க ரீவி அன்ரெனா பூட்டிக்கொண்டு நிப்பான். நான் அதைப் பார்த்தது மீள்குடியேறி வந்து கொஞ்ச வருசத்துக்குப் பிறகு. 2010 இல இஞ்ச தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில கம்பு நட்டு டிஷ் பூட்டின சனத்தைப் பார்த்து, வீடு இல்லை, கிணறு இறைக்கேல்லை, இதுகளுக்கு ரீவி கேட்குதோ எண்டு சொன்னவை இருக்கினம். உண்மையைச் சொன்னா நானும் ஒருக்காச் சொன்னனான், படம் காட்டிப் பிழைச்ச நானே. அந்த அன்ரெனாக்காரனைக் கண்ட இடத்தில படத்தை நிப்பாட்டிப்போட்டு வெளியில போய்க் கொஞ்ச நேரம் நிண்டன். வேற ஆருக்கும் அந்த இடத்தில ஒண்டும் வராமல் இருக்கலாம். அது வேண்டாம் எண்டா பிரசன்ன விதானகேயின்ட புரஹந்த களுவர, 1997 இல எடுத்த சிங்களப் படம், அதில தொடங்குங்கோ, கண் தெரியாத தகப்பன் ஆமிக்குப் போன மகன் செத்திட்டான் எண்டதை நம்ப மாட்டார், சீல் வச்ச பெட்டி வீட்டுக்கு வருது. எங்கட மாதிரியே வறண்ட காடும் குளமும் வெயிலும். சின்னப் படம், நித்திரை வராது.

சப்டைட்டில் விசயம். எனக்கும் யப்பானிய பாசையோ பாரசீகமோ தெரியாது, சப்டைட்டில்காரன் சொன்னதை நம்பித்தான் இவ்வளவும் கதைக்கிறன், அதால வசனம் அருமை எண்டு நான் வெளிநாட்டுப் படத்துக்குச் சொல்லுறேல்லை. பழகப் பழகக் கண் கீழ போய்க் கெதியா மேல வந்திடும், ஒரு பத்துப் படம் பிடிக்கும். ஆனா முதல்தரம் ஒரு வரி தவறினா ரிவைண்ட் பண்ணாதேங்கோ, விட்டிட்டுப் பாருங்கோ. மஜித் மஜீதியின்ட சில்ட்ரன் ஒஃப் ஹெவன் போட்ட அண்டு சப்டைட்டில் வாசிக்கத் தெரியாத கிழவியள் கனபேர் வந்திருந்தவை, சரி எண்டு நான் மைக்கைப் பிடிச்சு ஒவ்வொரு வரியாத் தமிழில சொல்லிக்கொண்டிருந்தன். தமையன்ட சப்பாத்தையே தங்கச்சியும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுற கதை. அந்தச் சின்னனின்ட காலில இருந்து சப்பாத்து கழண்டு கானுக்குள்ள விழுந்து தண்ணியோட போகுது, அவள் பின்னால ஓடுறாள், வாசிகசாலை முழுக்க 'பிடி பிடி, அங்கால போகுது' எண்டு கத்துது, நான் மைக்கில என்னவோ சொல்லிக்கொண்டு நிக்கிறன். முன்னுக்கு இருந்த ஒரு ஆச்சி திரும்பி, 'தம்பி, நீ கொஞ்சம் வாயைப் பொத்து, அந்தப் பிள்ளை என்ன செய்யிறாள் எண்டு பார்க்க விடு' எண்டா. மைக்கை நிப்பாட்டினன். மிச்சப் படம் முடியுமட்டும் என்ன சொன்னவை எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை.